விசர்

எங்கட பேசாலையில் அதற்கு விசர் என்று பெயர்.
திட்டவும் அதுதான், கொஞ்சவும் அதுதான்.
"போடி விசரி" என்று அம்மா சொன்னால்
இன்னும் ஒரு கை எண்ணெய் தலையில் விழும்.

இங்கே தங்கச்சிமடத்தில் அந்தச் சொல்லை எடுத்தால் சிரிக்கிறார்கள்.
இவர்களிடம் அதற்குப் பெயரே இல்லை.
கடலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் சம்மாட்டியிடம்
"தம்பிக்கு ஒடம்புக்கு முடியல."
பெண் தருவதாக இருந்த வீட்டிடம்
"காமாலை."

ரெமிஜியூசுக்கு இருபத்தாறு வயது.
தடைக்காலம் முடிந்து முதல் கடல்.
இன்ஜினை அணைத்த பிறகும் இன்ஜின் ஓடுகிறது என்றான்.
வயர்லெஸ் தன்னைக் கூப்பிடுகிறது என்றான்,
வீட்டில் யாரும் கூப்பிடாத ஞானஸ்நானப் பேரைச் சொல்லி.
கரையேறி மூன்று நாள்
சுவரில் காது வைத்தபடி நின்றான்.

மாமியார் ஓரியூர் போய்ச் செம்மண் கொண்டுவந்தாள்.
அடுத்த வெள்ளி ஏர்வாடிக்குக் கூட்டிப்போனாள்.
கடல்ல எல்லாருக்கும் ஒரே காத்துதான,
இதுல மட்டும் என்ன, என்றாள்.
சம்மாட்டி பணம் தந்தார், கணக்கில் எழுதிக்கொண்டே.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ஐந்து நிமிடம், ஒரு மாத மாத்திரை.
அதையும் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்து எடுத்துத்தான் கொடுப்பாள்,
எது கேட்டது என்று எதற்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுபோல.

இத்தாலியில் முதியோர் இல்லத்தில் வேலைபார்க்கும் நாத்தனார்
வீடியோவில் வந்தாள்.
"இங்கெல்லாம் நோயாளிகிட்டயே கேப்பாங்க மதினி.
அவனுக்கு என்ன வேணும்னு கேளுங்க."
கேட்டோம்.
ஒன்பது பேர் சுற்றி நின்று கேட்டோம்.
அவன் வெட்கப்பட்டு
சூடைமீன் குழம்பு கேட்டான்.

ஒருநாள் நடுச்சாமம்
பாம்பன் பாலத்தில் கைப்பிடிச் சுவரோரம் நின்றவனை
ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள்.
அன்றிலிருந்து ராத்திரியில் இடது கணுக்காலில் நைலான் கயிறு,
மறுமுனை ஜன்னல் கம்பியில்.
என் புருஷன்தான் கட்டுவான்.
கட்டிவிட்டு வெளியே போய் முகம் கழுவுவான்,
நெடுநேரம்.

இதென்ன மனிதர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.
எடுத்த வாயில் ஒரு துவாயின் உப்பு.

தொண்ணூறாம் வருஷம். எனக்கு ஒன்பது வயது.
ஒரு வள்ளத்தில் பதினெட்டுப் பேர்.
செபமாலை மாமிக்கு விசர்.
ஷெல் விழுந்த நாளிலிருந்து
செத்த ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள்.
ஊரில் அது யாருக்கும் கரைச்சல் இல்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள்
"ஓம் மாமி, வருகுதுகள்" என்றுவிட்டுப் போவார்கள்.
நடுக்கடலில் நேவிக்காரன் வெளிச்சம் திரும்பியபோதும்
அவள் கூப்பிட்டாள்.
அப்பா துவாயைத் திணித்தார்.
அம்மா கைகளைப் பிடித்தாள்.
கால்களைப் பிடித்தது நான்.

மணல்திட்டில் இறங்கும்போது மாமி உயிரோடுதான் இருந்தாள்.
அதற்குப் பிறகு ஒரு ஆட்டையும் கூப்பிடவில்லை.
மண்டபம் முகாமில் எல்லோரும் சொன்னார்கள்:
மாமிக்குச் சுகமாகிவிட்டது.

போன செவ்வாய் ராத்திரி இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர்.
குடத்தோடு எழுந்தேன்.
அடுப்படியில் ரெமிஜியூஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.
காலில் கயிறு இல்லை.
என்னைப் பார்த்தான்.
சொம்பைக் கவிழ்த்து வைத்தான்.
பாயில் போய் உட்கார்ந்து
கயிற்றை எடுத்து, சுற்றி, நுழைத்து, இழுத்தான்,
அண்ணன் போட்டிருந்தது போலவே.
அண்ணனுக்கு அந்த முடிச்சைச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

"அண்ணன் தூங்கணும்ல, மதினி."

குடம் வழிந்துகொண்டிருந்தது.
மாமியின் கால்கள் அன்று
திமிறியதாக எனக்கு நினைவே இல்லை.
இத்தனை வருஷம்
அதை என் கைப்பலம் என்று நினைத்திருந்தேன்.